தட்டில் நின்ற தண்ணீர்

ஜனவரி 11, ஞாயிறு

காலை 7.40. மொத்த இலை 31. அதில் மஞ்சள் 6, ஓரம் கருகியது 9. நேற்றிலிருந்து விழுந்தது 2.

ரப்பர் செடி. இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் அடியில் ஓட்டை போட்டு வைத்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு. இடம்: அக்காவின் அறை, ஜன்னலுக்கு ஓரடி தள்ளி. கிறிஸ்துமஸ் வரை நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு சரிந்துகொண்டே வருகிறது.

ஆலையில் ஒரு மீட்டர் தாறுமாறாகக் காட்டினால் லாக் போட்டுக் காரணம் தேடுவேன். இதற்கும் அதுதான். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சமைக்க வரும் மாரிக்கனி, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார். அவரிடம் ஐந்து நிமிடம் வாதாடினேன். வீண்.

லாக் என்றால் சிஸ்டத்தையும் எழுத வேண்டும். வீடு தூத்துக்குடியில், இரண்டாவது மாடி. அம்மா போன பிறகு நானும் அக்காவும் மட்டும். அக்கா ஜெயசீலி, வயது 36, கணக்கு டீச்சர், போன ஜூனிலிருந்து வேலைக்குப் போகவில்லை. கிட்னி இரண்டும் போய்விட்டது. வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ். வயிற்றில் பதித்த குழாய் வழியாக ஒரு பை மருந்துத் தண்ணீர், இரண்டு லிட்டர், உள்ளே விட வேண்டும். அது உள்ளேயே கிடந்து கழிவை இழுக்கும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டு அடுத்த பை. ஒரு நாளைக்கு நாலு. பை மாற்றும்போது ஃபேன் அணைத்து, ஜன்னல் சாத்தி, கதவை மூட வேண்டும். கிருமி போனால் ஆபத்து. அந்த அரை மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. சாயங்காலப் பையும் ராத்திரிப் பையும் நான் மாற்றிவிடுவேன். காலையும் மத்தியானமும் அவளே.

நான் தரையில் உட்கார்ந்து இலை எண்ணுவதைக் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இலய எண்ணுத. எனக்கும் முடி கொட்டுதுல்லா, சீப்புல கெடக்கு. அதயும் எண்ணி எழுதேன்."

16ஆம் தேதி மதுரை போக வேண்டும். என் ரத்தத்தையும் அவள் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கடைசி டெஸ்ட். அது முடிந்தால்தான் கிட்னி மாற்று ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பார்கள்.

ஜனவரி 14, புதன்

பூச்சி தேடினேன். இலைக்கு அடியில், கணுக்களில், லென்ஸ் வைத்து. இல்லை.

ஜனவரி 16, வெள்ளி

மதுரை போகவில்லை. பொங்கல் விடுமுறை, ஆலையில் ஆள் இல்லை. என்னை இருக்கச் சொன்னார்கள். சொன்னார்கள் என்றால், நான் இருக்கட்டுமா என்று கேட்டேன், சரி என்றார்கள். டெஸ்டுக்கு வேறு தேதி வாங்கிவிட்டேன். பிப்ரவரி 6.

அக்கா மீன்குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடச் சொன்னாள். அவளுக்கு அது ஆகாது, எனக்காக மாரிக்கனி வைப்பது.

ஜனவரி 18, ஞாயிறு

மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். அடிவரை ஈரம். ஈர மண்ணில் நிற்கும் செடி ஏன் வாடுகிறது? ஒன்று, தண்ணீர் அதிகமாகி வேர் அழுகியிருக்க வேண்டும். அல்லது வெளிச்சம் போதாமல் தண்ணீரைக் குடிக்காமல் நிற்க வேண்டும். யார் தண்ணீர் ஊற்றுவது என்று விசாரித்தேன். அக்கா, தான் எப்போதாவது ஒரு தம்ளர் ஊற்றுவதாகச் சொன்னாள். மாரிக்கனி, தான் ஊற்றுவதே இல்லை, தட்டில் நிற்கும் தண்ணீரைத் தினமும் எடுத்துக் கொட்டுவதோடு சரி என்றார். ஒரு தம்ளர் ஊற்றினால் தட்டில் எப்படித் தண்ணீர் நிற்கும்? இரண்டு பேரில் ஒருவர் கணக்குத் தப்பு. போகட்டும்.

முதல் மாற்றம்: வெளிச்சம். வாளியைத் தூக்கி ஹாலுக்கு வெளியே பால்கனியில் வைத்தேன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"அது இங்கனயே கெடக்கட்டும்ல. அதுவும் போயிட்டா நான் யார் மூஞ்சியப் பாக்க?"

இரண்டு வாரம்தான் என்றேன். அவள் கால் வீங்கியிருக்கிறது. செருப்பு நுழையவில்லை. நடக்காமல் உட்கார்ந்தே இருந்தால் அப்படித்தான் ஆகும் என்று சொன்னேன். எடை 57.1.

ஜனவரி 25, ஞாயிறு

இலை 24. இந்த வாரம் விழுந்தது ஒன்றே ஒன்று. மண் மேலே காய்ந்திருக்கிறது. தட்டில் தண்ணீர் இல்லை.

அக்கா மூன்று இட்லி சாப்பிட்டாள். எடை 55.0. மாடிப்படி இறங்கித் தெருமுனை வரை போய் வந்தாள். மாரிக்கனியோடு போனாளாம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இலை 24. உச்சியில் சிவப்பு உறையோடு ஒரு புதுக் குருத்து, சுண்டு விரல் நீளம். மண்ணை மாற்றவில்லை, உரம் போடவில்லை. மாற்றியது ஒன்றுதான். முடிவு: வெளிச்சக் குறைவு. கேஸ் முடிந்தது.

அக்காவின் எடை 53.6. கணுக்கால் எலும்பு தெரிகிறது. மதுரை டாக்டரிடம் போனில் சொன்னபோது நல்ல முன்னேற்றம் என்றார். டெஸ்டை இன்னும் நாலைந்து நாள் தள்ளினாலும் பரவாயில்லையா என்று கேட்டேன். ஏன் தள்ள வேண்டும் என்றார். சும்மா கேட்டேன் என்றேன்.

செடியைத் திரும்ப அறையில் வைக்கச் சொல்லி அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கொண்டுபோய் வைத்து, கூடவே ஒரு நல்ல எல்இடி விளக்கைப் பொருத்தி, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் எரிய டைமர் வைத்துவிட்டேன். பால்கனி வெளிச்சத்துக்குக் குறையாது. அளந்து பார்த்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

காய்ச்சல் போல இருந்தது. காய்ச்சலோடு ரத்தம் கொடுத்தால் ரிசல்ட் தப்பாக வரலாம். போகவில்லை. தெர்மாமீட்டர் வைக்கவில்லை, ஆனால் உடம்பு அப்படித்தான் இருந்தது. அடுத்த தேதி 27.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்வதை அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறகு ஹாலுக்கு வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இலை 20. குருத்து கருகிவிட்டது. விளக்கு சரியாக எரிகிறது. டைமர் சரி.

அப்படியானால் வெளிச்சம் இல்லை. மூன்று வாரம் போச்சு.

பிப்ரவரி 12, வியாழன்

அக்காவின் எடை 56.4. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அவள் சாப்பாட்டில் உப்பே கிடையாது.

பிப்ரவரி 15, ஞாயிறு

இலை 17.

வாளியின் உள் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பொருக்கு. முன்பே பார்த்திருக்க வேண்டும். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு.

தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஆலையில் என் சட்டைப்பையிலேயே இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குடிக்கிற கேன் தண்ணீர் 48. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் 260. போர் தண்ணீர் 2,140. தட்டில் நின்ற தண்ணீர் 5,350. மீட்டரைக் கழுவிவிட்டு மறுபடி வைத்தேன். 5,340.

வீட்டில் வரும் எந்தத் தண்ணீரும் இந்த அளவு இல்லை. அதாவது யாரோ உப்பைக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். இந்த ஊரில் அது என்னவென்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். கல்லுப்புப் போட்டு மீன் கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் செடிக்கு நல்ல உரம் என்பார்கள். கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் அதைத்தான் ஊற்றுவார்கள். மாரிக்கனியே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

கூப்பிட்டுக் கேட்டேன். இல்லை என்றார். மீட்டரைக் காட்டினேன். அவருக்கு அது என்னவென்று தெரியாது, ஆனால் நம்பரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஏதோ திருடிக் கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல். அதையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

"மீன் தண்ணிய நான் கீழ முருங்கைக்குத்தான் ஊத்துதேன் தம்பி. டீச்சர் ரூமுக்குள்ள கொண்டு போவேனா? அவிய வயித்துல ஓட்டையோட இருக்காவ. எனக்கு அறிவில்லையா?"

பொய் சொல்ல வேண்டாம் என்றேன். மீன் தண்ணீரை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனதே தப்பு, அக்காவுக்குக் கிருமி போயிருந்தால் யார் பொறுப்பு என்றும் கேட்டேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அறை வாசலில் போய் நின்றார். அக்கா ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அவர் போனதும், மாரிக்கனி ஊற்றியிருக்க மாட்டாள் என்று அக்கா முனகினாள். பிறகு யார் என்று கேட்டேன். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் சோறும் அவளுக்குத் தனியாக உப்பில்லாத கூட்டும் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அப்படியே இருந்தது. வாயில் இரும்பை வைத்த மாதிரி இருக்கிறது என்கிறாள். துணி துவைத்தேன். காஸ் புக் பண்ணினேன். தட்டுத் தண்ணீரை நானே எடுத்துக் கொட்டினேன். தட்டு நிறைய இருந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

இலை 11. தட்டுத் தண்ணீர் 7,900.

மாரிக்கனி நின்று ஒரு வாரம். மீன் இந்த வீட்டுக்குள் வரவே இல்லை. ரீடிங் இறங்கியிருக்க வேண்டும். ஏறியிருக்கிறது. எனவே மாரிக்கனி இல்லை.

வீட்டில் இருப்பது நானும் அக்காவும். நான் ஊற்றவில்லை.

மீட்டர் தப்பாக இருக்கலாம். நாளை ஆலையில் கேலிபரேட் பண்ண வேண்டும்.

மதியம் டாக்டரிடம் பேசினேன். எடை 59.2. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே இருக்கிறாள். கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது. ராத்திரியெல்லாம் சொறிகிறாள். வயிற்றுக்குள் சவ்வு மாதிரி ஒன்று இருக்கிறது, மெம்பிரேன், அதுதான் கழிவை வடிகட்டுகிறது, அது வேலை செய்வதை நிறுத்தியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அப்படியென்றால் வேறு வழி இல்லை, ஆபரேஷனை முன்னால் கொண்டுவர வேண்டும், டோனர் டெஸ்ட் முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

27ஆம் தேதி என்றேன்.

பிப்ரவரி 23, திங்கள்

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 27, வெள்ளி

ஆடிட். விட மாட்டார்கள். கேட்டுப் பார்க்கவில்லை, ஆனால் விட மாட்டார்கள்.

மார்ச் 1, ஞாயிறு

இலை 4.

காலை ஒன்பது மணிக்குத் தரையில் எறும்பு வரிசை. பிள்ளையார் எறும்பு. ஜன்னல் சட்டத்திலிருந்து இறங்கி, சுவரோரமாக வந்து, செடித் தட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த எறும்பு உப்புக்கு வராது. இனிப்புக்கு வரும்.

எனக்கு உடனே புரிந்திருக்க வேண்டும். உடனே புரியவில்லை என்றுதான் எழுதுகிறேன். சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். பாலைக் காய்ச்சினேன். அப்போது நினைவுக்கு வந்தது சங்கரபாண்டியன் சார் சொல்வது. ஆலையில் கடல் தண்ணீரைச் சுத்தமாக்கும் பிரிவில் என் மேலதிகாரி. சுத்தத் தண்ணீரில் உப்பு ஏறினால் எல்லோரும் முதலில் மெம்பிரேன் போச்சு என்பார்கள். அவர் கத்துவார்: "மெம்பிரேனக் குத்தம் சொல்லுததுக்கு முன்னால பைபாஸ் வால்வப் பாருங்கல. தண்ணி அதுக்குள்ள போகுதா, இல்ல சுத்திக்கிட்டு வேற வழியா போகுதான்னு பாருங்க."

பையில் இருப்பது உப்பும் சர்க்கரையும். அதில் சர்க்கரை இருப்பதால்தான் வாரம் ஒரு முறை அவளுக்குச் சுகர் பார்க்கச் சொல்லி ஒரு மீட்டரும் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்தேன். தட்டில் நின்ற தண்ணீரில் ஸ்ட்ரிப்பின் நுனியைத் தொட வைத்தேன். அளவுக்கு மேல் என்று காட்டியது. அளவு அறுநூறோடு முடிகிறது. நேற்று ராத்திரி நான் மாற்றிய பையின் குழாயில் சொட்டுப் புதுத் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதிலும் அளவுக்கு மேல். டிடிஎஸ் 5,800. வேறு டெஸ்ட் தேவையில்லை.

அவள் அறைக்குப் போனேன். காலைப் பை மாற்றி முடித்ததாகச் சொல்லிக் கதவைத் திறந்துவைத்திருந்தாள். எங்கே மாற்றினாய் என்று கேட்டேன். அவள் செடியைப் பார்த்தாள்.

"எப்பம் கண்டுபிடிப்பன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மீட்டர்லாம் வச்சிருக்கவன், இம்புட்டு நாளாக்கிட்டியே."

கிறிஸ்துமஸிலிருந்து. முதலில் மத்தியானப் பை மட்டும். பழைய தண்ணீர் வயிற்றிலேயே கிடக்கும், புதுப் பை வாளிக்குள் போகும். செடி பால்கனிக்குப் போனதும் ஊற்ற இடமில்லாமல் ஒழுங்காக மாற்றிக்கொண்டிருந்தாள். பாத்ரூமுக்குத் தூக்கிப் போனால் மாரிக்கனி பார்த்துவிடுவார். மாரிக்கனி போன பிறகு காலைப் பையும் சேர்ந்துகொண்டது. பழக்கமாகிவிட்டதால் வாளியிலேயே ஊற்றினாளாம். இதையெல்லாம் பாடம் நடத்துவதுபோல வரிசையாகச் சொன்னாள். இடையில் மூச்சு வாங்க நிறுத்திக்கொண்டாள்.

செடியில் ஏன் ஊற்றினாய் என்று கேட்டேன்.

"மனுஷ வயித்துக்குள்ள விடுத தண்ணி. அம்புட்டு சுத்தமா அடைச்சு அனுப்புதான். செடிக்கு நல்லதுதானன்னு நெனச்சேன். எனக்குத்தான் வேண்டாம், அதாச்சும் குடிச்சிப் பொழச்சிக்கிடட்டும்னு. வாடுனப்பம், தண்ணி பத்தலயோன்னு கூடக் கொஞ்சம் ஊத்துனேன்."

மண்ணில் உப்பு ஏறினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது என்று சொன்னேன். ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும். சர்க்கரை சேர்ந்தால் பூஞ்சை பிடித்து வேர் அழுகும். ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி. செடி ஏன் சாவுதுன்னு சொல்லிட்ட. நான் ஏன் ஊத்துனேன்னு கேக்க மாட்டியால?"

இரண்டு லிட்டர் வயிற்றை அழுத்தும், அதனால்தானே, டாக்டரிடம் சொன்னால் சின்னப் பை தருவார் என்றேன். அவள் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, அடங்க நேரமாயிற்று.

"மூணு தடவ தேதி வாங்குன. ஒரு தடவ கம்பெனில வேல. ஒரு தடவ காய்ச்ச. நெத்தி பச்சத் தண்ணியாட்டம் இருந்துச்சு. இப்பம் ஆடிட்டு. பயந்தா பயம்னு சொல்லுல. நான் என்ன அடிக்கவா போறேன்? ஒன் வயித்தக் கிழிச்சு எடுத்துக் குடுன்னு நான் கேட்டனா? நீயா தாரேன்னு சொன்ன. மறுநாள் செடியெல்லாம் வாங்கிட்டு வந்த. இவன் எப்பம் தருவான் எப்பம் தருவான்னு தெனமும் ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால கெடக்க முடியலல. நான் இருக்க வரைக்கும் நீ தேதி வாங்கிக்கிட்டே இருப்ப. நான் இல்லன்னா வாங்க வேண்டாம்லா."

நான் என்ன பதில் சொன்னேன் என்பது இந்த லாகுக்குத் தேவையில்லை.

கடைசியில் மாரிக்கனியைப் பற்றிச் சொன்னாள். "அவ வாசல்ல வந்து நின்னா. நான் திரும்பவே இல்ல. அது ஒண்ணுதான் எனக்கு ஆற மாட்டேங்குது."

இனி நாலு பையையும் நானே மாற்றுவதாகச் சொன்னேன். ஆலைக்கு லீவு சொல்லிவிட்டேன். டாக்டரிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினாள். ஒத்துக்கொண்டேன். காரணம் தெரிந்துவிட்டது, பைபாஸை மூடியாயிற்று, இனி தானாகச் சரியாகும்.

மார்ச் 2, திங்கள்

நாலு பையும் நானே. வாளியில் கேன் தண்ணீராகப் பதினைந்து லிட்டர் ஊற்றி உப்பை அலசினேன். கடைசியில் வடிந்தது 610.

இலை 4. எடை 59.8.

மார்ச் 3, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு ஏதோ கொதிக்கிற மாதிரி சத்தம். அவள் மூச்சுதான். உட்கார்ந்த நிலையில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம். வாயோரம் நுரை, ரோஸ் நிறத்தில். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம். ஸ்ட்ரெச்சர் மாடிப்படியில் திரும்பவில்லை. கீழ்வீட்டுக்காரரும் நானும் நாற்காலியில் வைத்து இறக்கினோம். என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி போகும்வரை விடவில்லை.

கழுத்தில் குழாய் போட்டு மெஷின் டயாலிசிஸ். சேர்க்கும்போது பை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார்கள். நேற்று நாலு என்றேன். நேற்று நாலுதான்.

மார்ச் 4, புதன்

நுரையீரலிலும் உடம்பிலும் தேங்கியதில் இதுவரை மூன்று லிட்டர் எடுத்திருக்கிறார்கள். இருதயம் வீங்கியிருக்கிறது. இன்னும் மூன்று நாள் போக வேண்டும், இப்போது எதையும் சொல்ல முடியாது என்கிறார் இங்கே பார்க்கும் டாக்டர். நாலு பை போயும் இப்படி ஏன் ஆனது என்று அவருக்குப் புரியவில்லை. வயிற்று மெம்பிரேன் போய்விட்டது என்று முடிவு பண்ணி, அந்தக் குழாயையே எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார். அவர் தப்பான காரணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறார். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். இலை 0. தண்டை நகத்தால் கீறினேன். பழுப்பு. இன்னும் கீழே கீறினேன். மண் மட்டம் வரை பழுப்பு. காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்த மூன்றாவது நாள் செத்துவிட்டது. கண்டுபிடிப்பதும் பிழைக்க வைப்பதும் ஒன்று என்று எனக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை.

ஆகஸ்டில் மதுரை டாக்டரிடம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த மறுநாள் வாங்கிய செடி. சும்மா கையை வீசிக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்க முடியாமல் வாங்கியது.

மார்ச் 5, வியாழன்

காலையில் பார்க்க விட்டார்கள். முகமூடிக்கு மேல் கண் திறந்திருந்தது. ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. குனிந்தேன்.

"செடி?"

போயிருச்சு என்றேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது. கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் விரலை ஒரு முறை அழுத்தினாள். அழுத்தினாளா, தானாகத் துடித்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இனி செய்ய வேண்டியவை:

1. இன்று மதியம் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது முழுவதும் சொல்வது. கிறிஸ்துமஸிலிருந்து. மெம்பிரேன் போகவில்லை, தண்ணீர் அதன் வழியாகப் போகவே இல்லை. குழாயை எடுக்க வேண்டாம். நேற்று நாலு என்று நான் சொன்னதையும் சேர்த்துச் சொல்வது.

2. அங்கிருந்து மாரிக்கனி வீடு. வாசலிலேயே நின்று, நான் சொன்னது பொய் என்று சொல்வது. அக்காவுக்குத் துணைக்கு இரண்டு நாள் வர முடியுமா என்று அதற்குப் பிறகுதான் கேட்பது. திட்டினால் வாங்கிக்கொள்வது. மாட்டேன் என்றால் வற்புறுத்தக் கூடாது, கீழ்வீட்டு அத்தையைக் கேட்பது.

3. வாளி மண்ணை முருங்கை அடியில் கொட்டக் கூடாது. அலசியதை நம்பக் கூடாது. சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் போடுவது.

4. இரவு ஏழு மணிக்குப் பார்க்க விடுவார்கள். அக்காவிடம் பயமாக இருக்கிறது என்று சொல்வது. காது கேட்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்வது. காய்ச்சல், ஆடிட் எதையும் சேர்க்காமல்.

5. மதுரைக்குப் போன் செய்து தேதி கேட்கக் கூடாது. கேட்டால் கொடுப்பார்கள், கொடுத்ததை மாற்றத் தெரியும். நாளைக் காலை 4.50 மதுரை பஸ். இடம் இல்லாவிட்டால் நின்றுகொண்டு.